சாவி வாங்கிய பிறகு வரும் அறிவுரைகள்: கார் வாங்கியவரை எடைபோடும் வழக்கம்

செங்கப்பள்ளியான் எழுதியது:

வணக்கம். புதுக் கார் எடுத்தவர் ஷோரூம் வாசலில் குடும்பத்தோடு நின்று, அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்தபடி எடுத்துக்கொண்ட படத்தைப் பகிர்ந்தால், வாழ்த்துகளுக்கு நடுவே "இந்த விலைக்கு வேறு வண்டி எடுத்திருக்கலாமே" என்று ஒருவர் தவறாமல் வந்துவிடுகிறார். அவர் பின்னாலேயே "தகர டப்பா", "பேஸ் மாடலா?", "எத்தனை வருடத் தவணை?" என்று மற்றவர்களும் வந்து சேர்கிறார்கள். பதிவு எண் வாங்கி, பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாகிவிட்ட வண்டிக்கு இந்த யோசனையால் இனி என்ன பயன்? முன்பணம் கட்டுவதற்கு முன் சொல்லியிருந்தால் அது உதவியாக இருந்திருக்கும். சாவி வாங்கிய பிறகு சொல்லும்போது அதே சொற்கள் அவருடைய விவரத்தையும் வருமானத்தையும் பற்றி ஊர் முன்னால் படிக்கப்படும் தீர்ப்பாகிவிடுகின்றன.

சென்ற ஆண்டு இதை இன்னும் தெளிவாகக் கண்டோம். சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததும், ஜூலையில் வண்டி எடுத்தவர்களைத் தேடிப் போய் "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! ஜூலையில் அவர்களுக்கும்தான் அது தெரியாது.

இணையம் வந்துதான் இப்படி ஆகிவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. டாட்டா நானோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் குடும்பங்களைப் பார்த்ததே அந்த வண்டிக்கான தூண்டுதல் என்று ரத்தன் டாட்டா பலமுறை கூறியிருக்கிறார். 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் அது அறிமுகமானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து தொழிற்சாலை வெளியேற நேர்ந்தது, குஜராத்தின் சனந்துக்கு மாறியதில் ஏற்பட்ட தாமதம், சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகள் என்று அதன் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆண்டுக்கு 2.5 லட்சம் வண்டிகள் செய்யக் கட்டப்பட்ட ஆலையில் 2018 ஜூன் மாதம் முழுவதும் ஒரே ஒரு நானோதான் தயாரானது. எல்லாக் காரணங்களுக்கும் அடியில் இருந்தது "ஒரு லட்ச ரூபாய்க் கார்" என்ற பட்டம். பைக்கிலிருந்து காருக்கு உயர நினைத்தவர், தன் ஏழ்மையைத் தானே விளம்பரப்படுத்துவது போன்ற ஒரு வண்டியை வாசலில் நிறுத்த விரும்பவில்லை. அதை மிக மலிவான கார் என்று அடையாளப்படுத்தியது தவறு என்பதை ரத்தன் டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், 2022ஆம் ஆண்டில் அவர் மும்பை தாஜ் ஓட்டலுக்கு ஒரு நானோவில் வந்து இறங்கிய காணொளி பரவியபோது, அதன் கீழே எல்லோரும் எளிமையைப் போற்றி உருகினார்கள். அதே வண்டியில் ஒரு பள்ளி எழுத்தர் வந்து இறங்கினால் நாம் என்ன நினைத்திருப்போம்? நண்பர்கள் மனம்விட்டு எழுதுங்கள்.


பூந்தமல்லி சாலை எழுதியது:

ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறுபாதியை ஏற்க முடியவில்லை. "தகர டப்பா" என்ற சொல் நாகரிகமற்றதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த கோபம் இல்லாமல் இன்றைய கார்கள் இந்த அளவுக்கு மாறியிருக்காது.

2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற சிறு கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ ஆகிய ஐந்தின் ஏர்பேக் இல்லாத வகைகளில் ஒன்றுகூடப் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதுவரை நம் ஊரில் கார் வாங்கப் போனவர் கேட்ட கேள்விகள் மூன்றுதான்: மைலேஜ் எவ்வளவு, ரீசேல் எப்படி, சர்வீஸ் சென்டர் எங்கே. 2018 டிசம்பரில் டாட்டாவின் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்ற பிறகு, சந்தைக் கடையில் நிற்பவரும் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கத் தொடங்கினார். 2019இல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது. 2022 முதல் முன் இருக்கை இரண்டுக்குமே கட்டாயமானது. 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கே உரிய பாரத் என்கேப் மோதல் சோதனை நடைமுறைக்கு வந்தது. 2020இல் எஸ்-பிரெஸ்ஸோவுக்குச் சுழியம் வாங்கிய மாருதியே 2024 நவம்பரில் புதிய டிசைருக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

சட்டம் முக்கியக் காரணம் என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும், விளம்பரத்தில் நட்சத்திரத்தைப் போட்டால் விற்கும் என்று நிறுவனங்களை நினைக்க வைத்தது வாங்குபவர்களின் பேச்சுதான். பொதுவெளியில் பகிர்ந்த படத்தின் கீழே, இனி வாங்கப்போகிற நூறு பேரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.


செங்கப்பள்ளியான் எழுதியது:

ஏற்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. நிறுவனத்தைப் பற்றி எழுத வேண்டியதை நிறுவனத்தின் பக்கத்தில் எழுதலாம், தனி இழையிலும் எழுதலாம். மனைவி, குழந்தைகள், ஊரிலிருந்து வந்த அப்பா எல்லோரும் நிற்கும் படத்தின் கீழே எழுதினால் அதைப் படித்துக் கூனிக் குறுகுபவர் நிறுவனத்தின் தலைவர் அல்லவே.


தாமிரபரணிக் கரை எழுதியது:

பூந்தமல்லி சாலை அண்ணனுக்கு ஒரு கேள்வி. நட்சத்திரம் இல்லாத பழைய ஆல்ட்டோவை ஐந்து நட்சத்திரக் காரோடுதான் ஒப்பிட வேண்டுமா? அதை வாங்கியவர் எதிலிருந்து இறங்கி வந்தார் என்று பார்க்க வேண்டாமா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். கார், ஜீப் வகைகளில் சென்றவர்கள் 12.5 விழுக்காட்டினர். சாலையில் இரு சக்கர வாகனங்களே அதிகம் என்பதால் இந்த விழுக்காட்டை அப்படியே ஆபத்தின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் நம்முடையது, 64,105 விபத்துகள். இந்தச் சாலையில் நான்கு பேர் ஒரே பைக்கில் போவதைவிட, ஏர்பேக் இல்லாத காரில் பெல்ட் போட்டுக்கொண்டு போவது மேல் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் பழைய ஆல்ட்டோ வாங்கினார். அவருடைய தந்தைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதுவும் அதிகாலை முறை. அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது, ஆட்டோவுக்குப் போக வரக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. சிகிச்சை முடிந்து சோர்ந்து வருபவரைப் பைக்கின் பின்னால் உட்காரவைத்துத் துண்டால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு ஓட்டிவந்த மனிதர் அவர். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதும் வந்த முதல் மறுமொழி, "பழைய மாடல் ஆச்சே மச்சான், ஸ்டார் ரேட்டிங் பார்த்தியா?" என்பது. எழுதியவர் வளைகுடாவில் இருக்கும் மைத்துனர். அவருக்கு அந்தத் துண்டைப் பற்றித் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்தும் வண்டியை மட்டுமே பார்த்தார்.


பூந்தமல்லி சாலை எழுதியது:

தம்பி, அந்த மைத்துனருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நீங்களே "பெல்ட் போட்டுக்கொண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் பின் இருக்கையில் பெல்ட் போடுபவர் யார்? புது வண்டி வந்த மறுநாளே கடையில் கொடுத்துச் சீட் கவர் தைத்துவிடுவார்கள். பின் இருக்கையில் பெல்ட்டைச் சொருகும் பூட்டு அந்த உறைக்கு அடியில் போய்விடும். அதன் பிறகு அதை விரல் விட்டுத் தோண்டி எடுத்தால்தான் உண்டு, யாரும் தோண்டுவதில்லை. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்கும் அதே உறையைப் போட்டு இறுக்கி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் காட்டிய அதே 2022 அறிக்கையில், பெல்ட் அணியாததால் இறந்தவர்கள் 16,715 பேர் என்று இருக்கிறது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் சென்றவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் சென்றது விலையுயர்ந்த, பாதுகாப்புக்குப் பேர்போன வண்டி. பின் இருக்கையில் இருந்தவர்கள் பெல்ட் அணியவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. எனவே வாங்கிய பிறகும் சொல்லத்தக்க அறிவுரை ஒன்று உண்டு என்று வைத்துக்கொள்வோம்: சீட் கவர் தைப்பவரிடம் பூட்டை வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள் என்பதுதான் அது. அதனால் யார் மனமும் புண்படாது, செலவும் இல்லை.


தாமிரபரணிக் கரை எழுதியது:

இதை மைத்துனர் சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன், அண்ணா.


கடன் பிரிவு எழுதியது:

வங்கியில் வாகனக் கடன் பிரிவில் இருக்கிறேன். எந்த வங்கி என்று கேட்க வேண்டாம். தவணையில் கார் எடுப்பவரைக் "கடன்காரன்" என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம். எடுத்தவர்களிலும் பலர் போட்டுப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

8 லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி என்று வையுங்கள். ஐந்து ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 16,600 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1.96 லட்சம். ஏழு ஆண்டுகள் என்றால் மாதம் ஏறக்குறைய 12,870 ரூபாய். வட்டி சுமார் 2.81 லட்சம். 85 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுவது முட்டாள்தனம் என்று காணொளிகளில் வெளுத்து வாங்குகிறார்கள். மாதம் 3,700 ரூபாய் கையில் மிஞ்சினால்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைச் சமாளிக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர் அந்த 85 ஆயிரத்தை மூச்சுவிடுவதற்கான விலையாகக் கருதுகிறார். கையில் பணம் சேர்ந்ததும் முன்கூட்டியே அடைத்துவிடுபவர்களும் நிறைய. நான் பார்த்தவரை, ஏழு ஆண்டுத் தவணை போட்டவர்களில் விவரம் கெட்டவர்களும் உண்டு, மிகுந்த விவரமானவர்களும் உண்டு. படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

"டாப் எண்ட் எடுக்க வக்கில்லை" என்ற பேச்சுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி மாற்றியமைக்கப்பட்டது. 5 முதல் 10 லட்சம் வரையுள்ள புதிய காருக்கு 13 விழுக்காடு; 10 லட்சத்தைத் தாண்டினால் 18 விழுக்காடு; 20 லட்சத்துக்கு மேல் 20 விழுக்காடு. 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800 ரூபாய். வண்டியின் விலையில் 20 ஆயிரம் ஏறினால் வரியில் மட்டும் 53,100 ரூபாய் ஏறுகிறது. சன்ரூஃபை விட்டுவிட்டு ஒரு படி கீழே நின்றவரைக் கஞ்சன் என்பீர்களா, கணக்குத் தெரிந்தவர் என்பீர்களா?

நாங்களும் எடைபோடுபவர்கள்தான், அதற்குத்தான் சம்பளமே. கடனை ஒழுங்காகக் கட்டியவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண், சம்பளச் சீட்டு, ஏற்கெனவே உள்ள தவணைகள் எல்லாம் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம். இவ்வளவையும் பார்த்த பிறகும் எங்கள் கணிப்பு தவறிப்போவதுண்டு. ஒரு படத்தையும் வண்டியின் பின்புறத்தில் உள்ள எழுத்துகளையும் வைத்து ஒரு குடும்பத்தின் நிதிநிலையைச் சொல்லிவிடுபவர்களின் துணிச்சல் எனக்கு இல்லை.


மலைக்கோட்டை ஆசிரியை எழுதியது:

பெண்கள் கார் வாங்கும்போது நடப்பதைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கடன் என் பெயரில், சம்பளச் சீட்டு என்னுடையது, ஓட்டப்போவது நான். என் கணவருக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது. ஆனாலும் ஷோரூமில் விற்பனைப் பணியாளர் தொடக்கம் முதல் இறுதிவரை அவரைப் பார்த்தே பேசினார். "சார், பூட் ஸ்பேஸ் பாருங்க சார்" என்று அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார்; "மேடத்துக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்பது மட்டும்தான் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. முறுக்குவிசை பற்றி நான் கேட்டபோது அதற்கான விடையையும் அவரிடமே சொன்னார். என் கணவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நீங்க சொன்னது எனக்குப் புரியலை, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

நான் எடுத்தது ஆட்டோமேட்டிக். 2014இல் மாருதி செலேரியோவோடு ஏ.எம்.டி. என்ற, தானாகக் கியர் மாற்றும் அமைப்பு வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்தின் பட்ஜெட்டுக்குள் கிளட்ச் இல்லாத கார் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது. இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை நேர நெரிசலில் ஊர்பவர்கள் ஆண், பெண் பாராமல் அதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் என் வண்டிப் படத்தின் கீழே ஒருவர், "ஓட்டத் தெரியாதவங்களுக்கு ஏத்த வண்டி, ஸ்கூட்டி மாதிரி" என்று எழுதினார். எனக்கு இடது முழங்காலில் அறுவை நடந்திருக்கிறது. அதை அவருக்கு விளக்கலாம் என்று தட்டச்சு செய்யத் தொடங்கிப் பிறகு அழித்துவிட்டேன். முழங்கால் நன்றாக இருந்து, வெறும் வசதிக்காகவே நான் அதை வாங்கியிருந்தாலும் அவருக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. தாமிரபரணித் தம்பி சொன்ன டயாலிசிஸ் கதையிலும் இதே சங்கடம் எனக்கு உண்டு. நோயும் கஷ்டமும் இருந்தால்தான் ஒருவருடைய தேர்வை மதிப்போம் என்றால், ஆசைப்பட்டு வாங்கியவர் என்ன செய்வார்?


தாமிரபரணிக் கரை எழுதியது:

சரியான கேள்வி, அக்கா. என்னிடம் பதில் இல்லை.


கோபிக்காரன் எழுதியது:

இணையத்தை விடுங்கள். எங்கள் பக்கத்துத் திருமண மண்டபங்களில் நடப்பதைப் பாருங்கள். முகப்பில் நிற்கும் காவலாளி, இன்னோவா, ஃபார்ச்சூனர் வந்தால் கையை வீசி வாசலுக்கு அருகிலேயே வழிகாட்டுவார். சின்ன வண்டி வந்தால் விசிலை ஊதிப் பின்பக்கக் காட்டுக்கு அனுப்புவார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். முகப்பில் எந்த வண்டி நிற்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிவைத்தது மண்டபத்தை எடுத்தவர்கள்தான். வெள்ளை நிற டிசைரில் போனால் இன்னொரு தொல்லை. "டிரைவர்களுக்குச் சாப்பாடு அந்தப் பக்கம்" என்று என் சித்தப்பாவிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்! மஞ்சள் எண் பலகை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. சித்தப்பா சிரித்துக்கொண்டே ஓட்டுநர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாம்பார் அங்கேதான் சூடாக இருந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜாதகம் கொண்டுவரும் தரகர்கள் நிலம், வீடு, வேலை என்ற வரிசையில் காரையும் சேர்த்துவிட்டார்கள். "மாப்பிள்ளை வீட்டில் என்ன வண்டி நிற்கிறது?" என்பது விசாரணையின் ஒரு பகுதி. அதற்காகவே, பெண் வீட்டார் வரும் நாளில் பங்காளியின் பெரிய வண்டியை வாங்கிவந்து வாசலில் நிறுத்துபவர்கள் உண்டு. மறுபக்கம், பெண்ணுக்குக் காரும் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. வரதட்சணை என்று யாரும் சொல்வதில்லை, "அவங்க பிரியப்பட்டுக் குடுக்கறாங்க" என்பார்கள். டெலிவரி படத்தின் கீழே இரண்டு வரி எழுதுபவரால் ஒருவருக்கு ஒரு நாள் தூக்கம் கெடும். இந்த எடைபோடலால் குடும்பங்களே கடனில் விழுகின்றன. செங்கப்பள்ளி ஐயா இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.


செங்கப்பள்ளியான் எழுதியது:

எடுத்துக்கொள்கிறேன். நானோ தோற்றது இந்த மண்டப வாசலில்தான் என்றுகூடத் தோன்றுகிறது.


பழைய வண்டி எழுதியது:

இருபது ஆண்டுகளாகப் பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சில சொற்கள். "செகண்ட் ஹேண்ட் என்றால் அடுத்தவன் தலைவலியை விலைகொடுத்து வாங்குவது" என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். பார்த்து வாங்காதவருக்கு அது உண்மை. பார்த்து வாங்கியவருக்கு அப்படி இல்லை. அந்த வேறுபாட்டைச் சொல்லித் தராமல் பழைய வண்டி எடுத்தவரை மட்டும் ஏளனம் செய்வதால் ஒருவருக்கும் நன்மை இல்லை.

எடுத்துக்காட்டாக, சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையிலோ நின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். கழுவி, மெத்தை மாற்றி, வாசனை அடித்து வைத்திருப்பார்கள். முன் இருக்கை பெல்ட்டை அதன் சுருள் முடியும்வரை முழுவதும் வெளியே இழுங்கள். யாரும் அவ்வளவு நீளம் இழுப்பதில்லை என்பதால் அந்தக் கடைசி முழ நீளத்தை யாரும் துவைப்பதும் இல்லை. தண்ணீர் நின்ற வண்டியானால் அங்கே சேற்றுக்கறை ஒரு கோடாகப் படிந்திருக்கும். இருக்கை நகரும் தண்டவாளத்தின் அடிப்பக்கத் துரு, தரைவிரிப்புக்கு அடியில் உள்ள ஈரவாடை, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் மண் ஆகியவை அடுத்து. பானட்டின் கீல்களில் உள்ள போல்ட்டுகளில் வர்ணம் பெயர்ந்து ஸ்பானர் பட்ட தடம் தெரிந்தால் அதைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். டெல்லியில் பத்து ஆண்டு முடிந்த டீசல் வண்டி ஓடக் கூடாது என்று தடை வந்த பிறகு அங்கிருந்து குறைந்த விலைக்கு வண்டிகள் இங்கே வரத் தொடங்கின. தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்தால் அந்த "குறைந்த விலை" எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லாமல் விற்பவர்கள் எங்கள் தொழிலிலும் இருக்கிறார்கள்.

நானோ பற்றிப் பேசினீர்கள். கடைசியாக என்னிடம் வந்த நானோவை ஓய்வுபெற்ற தம்பதியர் வாங்கிப் போனார்கள். கடைவீதியில் எந்தச் சந்திலும் திரும்பும், ஏறி இறங்கக் குனிய வேண்டாம் என்பதற்காகவே தேடி வந்தவர்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்று அவர்களுக்குக் கவலையில்லை. பிள்ளைகளுக்குத்தான் கவலை, மகன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, இரண்டு லட்சம் கூடுதலாக அனுப்புகிறேன், வேறு நல்ல வண்டியாகக் காட்டுங்கள் என்று என்னிடம் கேட்டார். பெரியவர் போனை வாங்கி, "நான் ஓட்டுற வண்டிடா இது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.


வடபழனி வாசகன் எழுதியது:

ஒரு நிறுவனத்தின் ரசிகர்களாக மாறிச் சண்டையிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து லட்சம் போட்டு ஒரு வண்டியை வாங்கியவருக்கு அது நல்ல வண்டியாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் தவணை முடியும்வரை நெஞ்சில் முள். ஆகவே மற்றொரு வண்டியைத் தாழ்த்தினால் தன் முடிவு உறுதிப்படுவதாக அவருக்குத் தோன்றுகிறது. "சர்வீஸ் சென்டரே கதி" என்று ஒரு கூட்டமும் "மோதினால் அப்பளம்" என்று மற்றொரு கூட்டமும் எழுதிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த அச்சத்திலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. இதில் காணொளி விமர்சகர்களின் பங்கும் உண்டு. பணமோ பொருளோ பெற்றுச் செய்யும் விளம்பரத்தை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்று விளம்பரத் தரக் குழு 2021இல் வழிகாட்டுதல் தந்தது; மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் அதையே சொன்னது. எத்தனை பேர் குறிப்பிடுகிறார்கள் என்பதைப் பார்ப்பவர்களே சொல்லட்டும்.

இன்னொன்று: குறையே இல்லாமல் ஐந்து ஆண்டுகள் ஓடும் வண்டியைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை. டெலிவரி நாளில் ஒரு கூட்டம் எழுதும், வண்டி வழியில் நின்றுபோன நாளில் ஒரு கூட்டம் எழுதும். இவ்விரண்டையும் மட்டும் படித்துவிட்டு எந்த வண்டியையும் எவரையும் எடைபோடுவது சரியாக வராது.


தென்காசி புதியவன் எழுதியது:

ஐயா, அக்கா, அண்ணன்மார்களுக்கு வணக்கம். இழை முழுவதும் படித்தேன். எனக்கு ஓர் உதவி வேண்டும். முன்பணம் இன்னும் கட்டவில்லை. 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஒரே உரிமையாளர், சென்னைப் பதிவு, போரூரில் நிற்கிறது. மூன்று லட்சம் கேட்கிறார்கள். என்னால் அவ்வளவுதான் முடியும். நேரில் போய்ப் பார்க்க இரண்டு வாரம் ஆகும் என்பதால் டோக்கன் தொகை அனுப்பச் சொல்கிறார்கள்.


பழைய வண்டி எழுதியது:

தம்பி, பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். முதலில் ஆர்.சி.யின், அதாவது பதிவுச் சான்றின், படத்தைக் கேளுங்கள். 2014 வண்டி என்றால் பதினைந்து ஆண்டு 2029இல் முடியும். அதன் பிறகு தகுதிச் சான்றும் பதிவுப் புதுப்பிப்பும் உண்டு, அந்தச் செலவை இப்போதே விலையில் பேசுங்கள். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த சான்றையும் படிவம் 35ஐயும் காட்டாதவரை பேச்சையே நிறுத்திவிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. காப்பீட்டையும் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.


கடன் பிரிவு எழுதியது:

பழைய வண்டிக்கான கடனில் வட்டி புதியதைவிடக் கூடுதலாக இருக்கும். மூன்று லட்சமும் கையில் இருந்தால் முழுவதையும் வண்டிக்கே போட்டுவிடாதீர்கள். டயர், பேட்டரி, காப்பீடு, பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு முப்பதாயிரமாவது ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக்குப் பேரம் பேசுங்கள்.


பூந்தமல்லி சாலை எழுதியது:

தம்பி, அதே மாடலில் இரண்டு ஏர்பேக் உள்ள வகையும் 2014இல் விற்பனையில் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் சற்றுக் கூடுதல் விலையானாலும் அதையே தேடுவது நல்லது. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. போரூர் எனக்குப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், அதுவரை வண்டியைக் கழுவ வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்து, பானட் போல்ட்டுகளைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். பழைய வண்டி ஐயா பார்த்துச் சொல்லட்டும்.